நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று எங்கள் ஃப்ளாட்டைக் காட்டினோம், 0.7 வந்தது

வேளச்சேரியில் எங்கள் அப்பார்ட்மென்ட் 1996-ல் கட்டியது. கீழே முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங் (சுவர் இல்லாமல் தூண்கள் மட்டும்), மேலே நாலு மாடி. நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல அசோசியேஷன் சார்பில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் நிறுவனத்தைக் கூப்பிட்டோம். சென்னைக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் கேட்டார்கள். நிலநடுக்க ஆபத்தை வைத்து ஊர்களை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடினால் ஆபத்தும் கூடுதல். 2002-லேயே சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள், எங்கள் கட்டடமோ அதற்கு முந்தையது. 2001 ஜனவரியில் குஜராத்தின் புஜ் குலுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் இதே மாதிரி ஸ்டில்ட் கட்டடங்கள் உட்கார்ந்துவிட்டன, அந்த ஊரும் அப்போது மூன்றாம் மண்டலம்தான்.

வந்த இரண்டு இன்ஜினியர்களும் நல்ல பொறுமைசாலிகள். மேலே செங்கல் சுவர்கள் சேர்ந்து நாலு மாடியும் ஒரே பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கிறது, கீழே சுவரே இல்லை, அதனால் ஆட்டம் முழுக்க கீழ்த் தூண்களின் தலையில்தான் விழும் என்று வாட்ச்மேன் அண்ணனுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்கள். தூணுக்குள் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனை 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும், 90 டிகிரியோடு விட்டிருந்தால் குலுக்கலில் பிரிந்துவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

குறை ரிப்போர்ட்டில். கட்டடத்தைப் பார்வையிட்டே சீக்கிரம் மதிப்பெண் போடும், அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் பி-154 படிவத்தை நிரப்பி, கடைசியில் '0.7, 2-க்குக் கீழே' என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். வாட்ஸப் குழுவில் ஒரே கலவரம், வீட்டை விற்றுவிடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். நான் நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் விளக்கினார்கள்: 2 என்றால் இடிய நூற்றில் ஒரு வாய்ப்பு, 1 என்றால் பத்தில் ஒன்று, 0.7 என்றால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஆனால் அது மிகப் பெரிய, அரிதான ஒரு குலுக்கல் வந்தே விட்டால் என்கிற கணக்கு, இந்த வருஷமே இடியும் வாய்ப்பு அல்ல! இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டாமா? வயதானவர்கள் மூன்று நாள் தூங்கவில்லை. அந்த எண்கள் அமெரிக்கக் கட்டடங்களை வைத்துப் போட்டவை, நம்மூர் கட்டடத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இருந்தாலும் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். 2-க்குக் கீழே வந்தால் விரிவாகச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைத் தேடி எடுத்து வையுங்கள், எங்களிடம் இல்லாததால் தூணில் கம்பி எங்கே, ரிங் எவ்வளவு இடைவெளியில் என்று கருவி வைத்துத் தேடத் தனியாகக் காசு. அடுத்த மாதம் கீழ்த் தூண்களில் அந்தச் சோதனை. எண்ணோடு விளக்கமும் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன், சரி என்றிருக்கிறார்கள்.