லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? கேபிள், டாங்கிள், கார்டு, ரிப்பீட்டர்: எது யாருக்கு?

வேலூரில், காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளானாலும் சரி, சத்துவாச்சாரியில் மாடி எழுப்பிய வீடானாலும் சரி, புகார் ஒன்றுதான்: போனில் நெட் நன்றாக ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. உடனே கடைக்குப் போய், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டரை வாங்கிவிடுகிறார்கள். இருக்கிற வழிகளில் அதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

காசு செலவழிக்கும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, பிங் (பதில் வருகிறதா என்று தொடர்ந்து பார்க்கும் ping -t கட்டளை) ஓட விடுங்கள். பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8க்கும் ஓட விடுங்கள். ரூட்டரிடமிருந்தே பதில் நின்று நின்று வந்தால் வைஃபையில் கோளாறு. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி மற்றது மட்டும் விழுந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. அப்போது எந்தச் சாதனத்தை வாங்கினாலும் பணம் வீண், இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

வைஃபைதான் என்று தெரிந்தால் அடுத்த சோதனை. ஆண்ட்ராய்டு போனை அதே மேசையில் வைத்து, அதே வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போன் வழியாக வரும் நெட் அறுபடாமல் ஓடினால், அந்த இடத்துக்குச் சிக்னல் வருகிறது, லேப்டாப்தான் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். போனிலும் தடுமாறினால் சிக்னலே போதவில்லை. எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தச் சோதனையிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் எது, 2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா என்ற கேள்வி. 2.4 சுவர்களைத் தாண்டும், தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அறைக்கு ஒரு ரூட்டர் இருக்கும் கட்டடத்தில் அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கிறார்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதே அலைவரிசைதான். 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். சுவர் குறுக்கே வந்தால் தளர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருபவருக்கு 5தான் சரி. கொசப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் தடித்த சுவர் இரண்டு தாண்ட வேண்டுமென்றால் 2.4ஐ விட வழியில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இதற்கும் அதற்கும் தாவித் தாவியே அறுபடலாம். தனித்தனிப் பெயர் வையுங்கள். 5இல் இணைப்பு திடீரென மறைந்து கொஞ்ச நேரம் கழித்து வந்தால், ரூட்டர் 52 முதல் 144 வரையிலான, ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடார் சிக்னல் தென்பட்டால் அந்தச் சேனலை ரூட்டர் காலி செய்தாக வேண்டும் என்பது விதி. 36 முதல் 48க்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த கார்டை அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே போடுங்கள். ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் வெளியே எடுங்கள். இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் கடை.

ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ரூட்டரிலிருந்து நேரே வரும் லேன் கேபிளை மிஞ்ச எதுவுமில்லை. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசல் அதைத் தொடாது. முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று கூட வேண்டும். வேகம் 100 மெகாபிட்டோடு நின்றால் உள்ளே ஒரு ஜோடிக் கம்பி சரியாகச் சேரவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். சுவரில் துளை போட வீட்டு ஓனர் சம்மதிக்காவிட்டால், தட்டையான கேபிள் கதவடியில் போகும்.

லேப்டாப்தான் குற்றவாளி என்றால் போட்டி யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிளுக்கும், லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை உள்கார்டுக்கும். நகம் அளவு டாங்கிளை வாங்காதீர்கள். ஆன்டெனா சின்னது, சீக்கிரம் சூடாகும். கம்பி ஆன்டெனா உள்ள, இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் டாங்கிளை ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டி லேப்டாப்பிலிருந்து தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4இல் இரைச்சல் கிளப்பும் என்பதால் அந்தத் தள்ளிவைப்பு முக்கியம். உள்கார்டு மாற்றினால் வெளியே எதுவும் துருத்தாது, வேகமும் நன்றாக இருக்கும். ஆனால் சில மெல்லிய லேப்டாப்களில் கார்டு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. இன்டெல் ஏஎக்ஸ்201, 211 போன்றவை அதற்கேற்ற இன்டெல் பிராசஸரோடு மட்டுமே வேலை செய்யும். ஏஎக்ஸ்210க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாரண்டி இருக்கும் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். மாணவர்களுக்கு என் ஓட்டு டாங்கிளுக்கே, அடுத்த லேப்டாப்புக்கும் அது கூட வரும்.

சிக்னலே எட்டாத மாடி அறைக்குத்தான் ரிப்பீட்டர் பேச்சே வர வேண்டும். அதுவும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகை வேகத்தைப் பாதியாக்கும். சிக்னல் தளர்ந்த இடத்தில் வைத்தால் தளர்ந்ததைத்தான் பரப்பும். அதைவிட, கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை அங்கே வையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, வேறெதற்கும் அந்த எண் போகாமல் பார்த்து, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வேன் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகினால் போதும்.