ஸ்டீராய்டு எடுக்கும்போது ஏறும் கொலஸ்ட்ரால்: எந்த வழி எவ்வளவு உதவும்?

முடக்குவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் நோய்), பெருங்குடல் அழற்சி என்று ஏதோ ஒன்றுக்காக மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கையில் ஒருநாள் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட் வரும், எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எகிறியிருக்கும். உடனே மனசு நாலு பக்கமும் ஓடும். ஸ்டீராய்டைக் குறைத்துவிடலாமா, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் போதாதா, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட்டே ஆக வேண்டுமா, 'இயற்கை' மாத்திரை ஏதாவது கிடைக்குமா? பல வருடமாக முடக்குவாதத்தோடு இருக்கும் நானும் இந்த நாலையும் சுற்றி வந்திருக்கிறேன்.

முதலில் அந்த எல்.டி.எல். அளவையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது எல்.டி.எல். வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும், மருந்து வேலை செய்து அழற்சி அடங்கியதும் ஏறும், ஆகவே ஏறியதெல்லாம் ஸ்டீராய்டின் கைவரிசை என்று சொல்லிவிட முடியாது. நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டைத்தான் நம்பலாம். கூடவே தைராய்டு குறைந்திருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்த்துவிட வேண்டும், இரண்டுமே கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியவை.

சரி, ஸ்டீராய்டைக் குறைப்பது. வேரிலேயே கை வைப்பதால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. பசியைக் கிளப்புவது, இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாமல் செய்வது, கல்லீரல் கொழுப்பை அதிகம் உற்பத்தி செய்யத் தூண்டுவது என்று ஸ்டீராய்டு பல பக்கம் இடிக்கிறது, டோஸ் குறையக் குறைய இந்த இடியும் குறையும். லூபஸுக்கு ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2023இல் தந்த பரிந்துரையே பராமரிப்பு டோஸ் தினம் 5 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், முடிந்தால் நிறுத்திவிடலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த இடத்தை வேறு மருந்து நிரப்ப வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட், அசதியோபிரின் எல்லாம் அதற்குத்தான். லூபஸில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்கு கொழுப்பு அளவும் கொஞ்சம் நன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். முடக்குவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் மருந்துகள் இரண்டும் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியவை, அவற்றுக்கு மாறினால் இந்தக் கணக்கு மாறும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடலாம், திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதோடு, அடங்காத அழற்சி ரத்தக்குழாயைத் தானே கெடுக்கும், கொலஸ்ட்ராலுக்குப் பயந்து நோயைக் கிளப்பிவிட்டால் இதயத்துக்குத்தான் நஷ்டம்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு தேவை, சந்தேகமில்லை, ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கரையும் நார்ச்சத்தைத் தினம் 5 முதல் 10 கிராம் கூட்டினால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் இறங்கும், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். டோஸ் அதிகமாக இருந்த நாட்களில் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி சமையலறையில் நின்றிருக்கிறேன், வயிறு நிறைந்திருப்பது தெரிந்தும் கை டப்பாவைத் திறக்கும். அது மருந்து கிளப்பும் பசி, மன உறுதி இல்லாததால் வருவதல்ல. நடையும் தசைப் பயிற்சியும் எடையையும் சர்க்கரையையும் பிடித்து வைக்கும், ஸ்டீராய்டு கரைக்கும் தசைக்கும் எலும்புக்கும் அதுவே காவல்.

எல்.டி.எல். அளவை இறக்குவதில் ஸ்டாட்டினுக்கு ஈடு கிடையாது. அட்டோர்வாஸ்டாட்டின் 10, 20 மில்லிகிராமிலேயே 30 முதல் 50 சதவீதம் குறையும், டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். அதனால் போதவில்லை என்றால் எசெடிமைப் என்ற வேறு வகை கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பது நல்ல வழி, அது தனியாகவே 18 சதவீதம் போலக் குறைக்கும். நீங்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து எடுப்பவரானால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், ஸ்டாட்டின் அளவு ரத்தத்தில் ஏறித் தசையே சிதையும் அபாயம் உண்டு. கொலஸ்டைரமின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து என்றால் இன்னொரு சிக்கல், முடக்குவாதத்துக்குத் தரும் லெஃப்ளூனோமைடை உடம்பிலிருந்து வெளியேற்றவே அதைத்தான் கொடுப்பார்கள், ஆக இரண்டும் சேர்ந்து ஓடாது.

தசைப் பிரச்சினையில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஸ்டாட்டினால் வருவது பெரும்பாலும் வலி. ஸ்டீராய்டால் வருவது வலியில்லாத பலவீனம்: நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும், தலை சீவத் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். தசை சிதைவைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை ஸ்டீராய்டுப் பலவீனத்தில் பொதுவாக இயல்பாகவே இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்டாட்டினைத் தூக்கி எறிவது வீண்.

'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மொனகோலின் கே வேதியியல்படி லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான், என்ன அளவு இருக்கிறது என்பதுதான் டப்பாவுக்கு டப்பா மாறும்.

என் கணக்கு இதுதான்: டோஸைக் குறைக்கும் திட்டத்தை மருத்துவரிடம் கேளுங்கள், அது முடியும்வரை காத்திருக்காமல் இதய ஆபத்தையும் கணக்கிடச் சொல்லுங்கள். 2017இல் வந்த கியூரிஸ்க்3 என்ற இதய ஆபத்துக் கணக்கீட்டில் ஸ்டீராய்டு, லூபஸ், முடக்குவாதம் மூன்றுமே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆபத்து அதிகம் என்றால் ஸ்டாட்டினைத் தள்ளிப்போடாதீர்கள், கர்ப்பத் திட்டம் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை, கூடவே சர்க்கரைக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஏனென்றால் ஸ்டீராய்டோடு ஸ்டாட்டினும் அதைக் கொஞ்சம் ஏற்றும். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மூலையிலும் அன்றைய ஸ்டீராய்டு டோஸையும் மூட்டு வீங்கியிருந்ததா என்பதையும் பேனாவால் எழுதி வைக்கிறேன். டாக்டர் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.