வல்லாரைக் கெப்சூலை எந்தத் தட்டில் வைப்பது?

ஹட்டனில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் வல்லாரை மூன்று உருவத்தில் இருக்கிறது: கஞ்சிப் பொடி, இலைத்தூள், சாறு அடைத்த கெப்சூல். சாமான் பட்டியலைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் இவற்றை எந்தப் பிரிவில் போடுவது என்ற சிக்கல் புரிந்தது.

கைக்கு எட்டிய வழி, பயனைப் பார்த்துப் பிரிப்பது. மருந்துகளை வகைப்படுத்தும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏடிசி (ATC) முறையில் 14 பெரும் பிரிவுகள். மருந்து உடம்பில் எங்கே வேலை செய்கிறதோ அதற்கொரு எழுத்து. சுவீடனின் உப்சாலா கண்காணிப்பு நிலையம் இதே அமைப்பில் மூலிகைகளுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறது. இருமலுக்கு ஆடாதோடை என்றால் சுவாசப் பிரிவு, 'ஆர்'. சரி, வல்லாரை? ஏடிசியில் அது தோல் பிரிவான 'டி'யில், புண் ஆற்றும் மருந்துகளோடு நிற்கிறது. இங்கே புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால், "பிள்ளைக்கு ஞாபகசக்திக்கு வல்லாரை இருக்கா தம்பி?" என்று தோட்டத்து அம்மாமார் வருவார்கள். அவர்களைப் புண் மருந்துத் தட்டுக்கா அனுப்புவது?

மற்ற வழி லங்குவல் (LanguaL), உணவுப் பொருட்களைக் குறியீடுகளால் விவரிக்கும் முறை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் தொடங்கியது. எதற்கு நல்லது என்பதில் அது நிற்பதில்லை. எந்தச் செடி, இலையா வேரா, தூளா திரவமா, எப்படிப் பதப்படுத்தியது என்று தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியீடு கொடுக்கும். பெயரை எந்த மொழியில் எழுதினாலும் குறியீடு மாறாது.

அதன் அருமை மரமஞ்சளில் தெரிந்தது. நாங்கள் மரமஞ்சள் என்பது வெனிவெல் கொடியை, கொசினியம் பெனஸ்ட்ராட்டம். இந்திய டப்பாவில் அதே பெயர் பெர்பெரிஸ் அரிஸ்டாட்டா என்ற முட்செடியாகவும் இருக்கலாம். இரண்டிலும் பெர்பெரின் இருப்பதால் மஞ்சளும் கசப்பும் ஒன்றுபோலவே இருக்கும். பயன்வழிப் பட்டியலில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். லங்குவலில் செடியைக் கேட்கும் இடத்திலேயே பிரிந்துவிடும். ஆனால் கெப்சூலில் எத்தனை மில்லிகிராம் சாறு என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. அதற்கு லேபலைத்தான் பார்க்க வேண்டும்.

நம் இலங்கை நாட்டுச் சட்டப் பிரிவுகளும் உண்டு: 1980 உணவுச் சட்டம், 1961 ஆயுர்வேதச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் சேர்த்துக்கொள்ளும் 2015 ஒளடதச் சட்டம். இவை யார் கண்காணிப்பது என்பதற்கு; போத்தலுக்குள் என்ன என்பதற்கு அல்ல.

கடைசியில் தட்டை வருகிறவர்கள் கேட்கும் நோய்ப்படியும், கணினியைச் செடிப்படியும் அடுக்கினேன். ஒரு போத்தல் மட்டும் மிச்சம். லேபலில் 'பிராமி' என்று மட்டும் இருக்கிறது. அது வல்லாரையாகவும் இருக்கலாம், நீர்ப்பிரமியாகவும் இருக்கலாம். விநியோகஸ்தரிடம் கேட்டேன், "மூளைக்கு நல்லது" என்றார்.