ரம்மியா, பப்ஜியா?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பாம்பனில் விசைப்படகு கரையில், கை செல்போனில். அங்கே மோதிய ஆட்டங்கள் இரண்டு.

செல்போனில் காசு கட்டி ஆடும் ரம்மிச் சீட்டாட்டத்துக்கு ஒரே பலம் ஆசை. வினையும் அதுவேதான்: 2023 அக்டோபரில் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டமே போட்டுவிட்டது.

பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம், அதாவது நம் ஊர்ப் பையன்களின் ‘பப்ஜி’, இலவசம். ஆட்டக்காரனின் உடுப்பு, துப்பாக்கியின் வண்ணம் இவற்றை விற்றுத்தான் வருமானம், வாங்காதவனும் ஆடலாம். நாலு பேர் ஓர் அணி என்பதால் ஒருவன் விலகினாலும் மற்ற மூவர் விடமாட்டார்கள். விளம்பரத்துக்கு வராத பலம் இது. ஆனால் அரசு உத்தரவு ஒன்று போதும்: 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம்தான் திரும்பியது. சரி, திரும்பவாவது வந்தது. என் ஓட்டு இதற்கே, சிக்னல் மட்டும் விழாமல் இருந்தால்.