திருமலை ஸ்கூபா பேக்கேஜ்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

"திருகோணமலைக் கோட்டை, கோணேசர் கோயில், ஸ்கூபா எல்லாம் ஒரே காசில்" என்று யாழ்ப்பாணத்தில் ஆள் சேர்க்கிறார்கள். ஸ்கூபா என்றால் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது. லீவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கிற வீடுகளைத்தான் குறி வைக்கிறார்கள், அதனால் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

கனடாவில் இருந்து வந்த மச்சானுக்கு கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு அடியில் கடலுக்குள் கிடக்கும் கோயில் தூண்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோயிலின் மிச்சம் அது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்த இடம். "அந்த இடத்திலேயே இறக்குவோம்" என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரர் முழுக் காசையும் முன்னுக்கே வாங்கினார்.

கோட்டையிலேயே ஏமாற்று தொடங்கிவிட்டது. வாசலில் இரட்டை மீன் பொறித்த கல் ஒன்று இருக்கிறது, கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டன் பெயர் வரும் தமிழ் எழுத்தோடு. கோயில் கல்லில் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கைட் என்று வந்த பெடியன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே திரியும் மான்களைக் காட்டி "கெதியாப் படம் எடுங்கோ அண்ணை, வேனுக்கு அடுத்த ஹயர் இருக்கு" என்றான்.

அடுத்த நாள் காலை வேன் சுவாமிமலைக்குப் போகவில்லை, நிலாவெளிக்குப் போனது. சுவாமிமலைப் பக்கம் கடல் சரியில்லையாம். சரி, கடலைக் குறை சொல்ல முடியாது என்று விட்டோம். ஆனால் படகில் கொடுத்த சாமான்களைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. வாயில் கடிக்கிற ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து, பழைய பல் அடையாளத்தோடு இருந்தது. சிலிண்டர் நிரம்பியிருந்தால் காற்றழுத்தம் காட்டும் ஊசி 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) நிற்க வேண்டும், 50 மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். எங்களுடையதில் தொடக்கத்திலேயே 90. கேட்டதற்கு, எங்களை இறக்க வந்தவர் "பத்து நிமிசம்தானே, காணும்" என்கிறார். முதல்தடவை இறங்குகிறவர் பயத்தில் எவ்வளவு வேகமாக மூச்சு இழுப்பார் என்று தெரியாதவரா அவர்?

மச்சானுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது. இறங்குகிறவருக்கு நெஞ்சு வருத்தம், தொய்வு உண்டா என்று கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதை ஒருவரும் நீட்டவில்லை. மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியலாம் என்றும் சொல்லவில்லை. பயிற்சியாளர் அட்டையைக் கேட்டால் சிரிப்புத்தான் பதில். நாங்கள் இறங்கவில்லை.

இன்னொன்று. அவர்கள் போட்ட அட்டவணையில் காலையில் டைவ், அன்று பின்னேரமே கட்டுநாயக்காவில் மச்சானுக்கு விமானம். ஒரு தரம் மூழ்கினாலே குறைந்தது 12 மணித்தியாலம், பல தரம் என்றால் 18 மணித்தியாலம் பறக்கக் கூடாது. இரத்தத்தில் சேர்ந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கும். இது தெரியாதவர்கள் இந்தத் தொழிலைச் செய்யலாமா?

காசைத் திருப்பிக் கேட்டால் "நீங்கள்தானே இறங்கவில்லை" என்கிறார்கள். ரசீதில் "திருமலை டூர்" என்று மட்டும் இருக்கிறது, ஸ்கூபா என்ற சொல்லே இல்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம்.

அந்தப் பக்கக் கடல் மே முதல் செப்டெம்பர் வரைதான் மூழ்கத் தோதானது. இவர்கள் மார்கழிக்கும் ஆள் பதிகிறார்கள். யாராவது உங்களிடம் வந்தால், எந்த டைவ் நிலையம் என்று பெயரைக் கேட்டு நீங்களே அழைத்துப் பேசுங்கள், காசை அங்கே போய், சிலிண்டர் ஊசியைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.