உப்புக் காற்றில் ஸ்போர்ட்ஸ் கார்: ஒரு சர்வேயரின் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது போன் செய்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நான் கேட்பதில்லை. எங்கே நின்றது என்று கேட்பேன். வில்லியனூர் பக்கம் ஷெட்டுக்குள் நின்ற காரும், வைத்திக்குப்பத்தில் கடலுக்கு முகம் காட்டி நின்ற காரும் ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறமாக இருக்கலாம். எனக்கு அவை வேறு வேறு கார்கள்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கமும் வேலை. அடிபட்ட காரைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பம்பர் கழன்று கிடக்கும், கதவின் உள்பக்க அட்டை பிரிந்திருக்கும், மட்கார்டுக்குப் பின்னால் என்ன வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் தெரியும். ஷோரூமில் காபி கொடுப்பார்கள், இதைக் காட்ட மாட்டார்கள். தமிழ்நாட்டைவிட இங்கே சாலை வரி குறைவு என்பதால் பி.ஒய். எண் வாங்கிய பெரிய கார்களுக்குப் பஞ்சமில்லை. கடலூர் எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் பதிவாகி அந்தப் பக்கம் ஓடுகிறவையும் நிறைய. ஆக, ஊர் சின்னதாக இருந்தாலும் பார்க்கக் கிடைக்கும் ரகங்கள் அதிகம்.

முதலில் விலை. இன்சூரன்ஸில் காரின் மதிப்பு குறைவதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஆல்டோவுக்கும் போர்ஷே 911-க்கும் இதே அட்டவணைதான். ஐந்து வருடம் தாண்டினால் கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. சந்தை இந்த அட்டவணையை மதிப்பதில்லை. 911 மெதுவாக இறங்கும். அதைவிட ஆடம்பரமான பல கார்கள் மாடிப்படியில் உருண்ட சொம்பு மாதிரி இறங்கும்.

இறங்கட்டும், நமக்கு லாபம்தானே என்று தோன்றும். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். முழுதாகக் கட்டிய நிலையில் இறக்குமதியாகும் கார், 40,000 டாலருக்கு மேல் என்றால், பல ஆண்டுகளாக 100 சதவீதம் சுங்க வரி கட்டித்தான் உள்ளே வந்திருக்கிறது. அந்த வரியெல்லாம் முதல் உரிமையாளர் தலையோடு போயிற்று. ஆனால் உதிரிப் பாகங்கள் இன்றைக்கும் கப்பலிலோ விமானத்திலோ வரி கட்டித்தான் வருகின்றன. பத்து வருடத்தில் கார் புது ஸ்விஃப்ட் விலைக்கு வந்து நிற்கும். அதன் ஹெட்லைட் மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் விலையிலேயே இருக்கும்.

போதாததற்கு, கிளெய்ம் போட்டால் பாகங்களுக்குத் தனித் தேய்மானம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எதுவானாலும் 50 சதவீதம் பிடிப்போம். ஃபைபர் கிளாஸ் என்றால் 30. கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இரும்பு வயதைப் பொறுத்தது. பத்து வருடம் தாண்டினால் அதற்கும் 50. ஊர் வழக்கில் பம்பர் டு பம்பர் என்கிற பாலிசி எடுத்தால் பெரும்பாலான பாகங்களுக்கு இந்தப் பிடித்தம் இல்லை. ஆனால் அத்தனை பழைய காருக்கு அதைச் சுலபத்தில் தர மாட்டார்கள். பில்லில் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். அட்டவணையைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதை. எது முதலில் சாகும், எது கடைசியில் சாகும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கார்களுக்கு வருவோம்.

கட்டுமானத்தில் என் முதல் மார்க் போர்ஷேவுக்கு. பெயருக்காக இல்லை, துத்தநாகத்துக்காக. 1976 மாடலிலிருந்தே 911-இன் பாடித் தகட்டை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துத்தான் கட்டினார்கள். தகட்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். அதே காலத்தில் வந்த இத்தாலிய, ஜப்பானிய கார்கள் பல துரு தின்றே ஒழிந்துபோக, பழைய 911-கள் இன்னும் ஓடுவதற்கு இது முக்கியமான காரணம். கடலோரத்தில் இருந்த போர்ஷேக்களில் நான் பார்த்தவரை பாடித் தகடு கெட்டியாகவே இருந்தது. போல்ட் தலை, சைலென்சர் கிளாம்ப், பிரேக் டிஸ்க் ஓரம் இவற்றில்தான் செம்பழுப்பு.

இன்ஜின் வேறு கதை. 90-களின் கடைசியிலிருந்து 2008 வரை வந்த போர்ஷேவின் 911, பாக்ஸ்டர், கேமன் இன்ஜின்களில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்ற இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு. அதன் பேரிங் தேய்ந்து உடைந்தால் வால்வும் பிஸ்டனும் நேரம் தவறி இடித்து இன்ஜினே போய்விடும். எல்லா காரிலும் உடையாது. உடைந்தால் காரின் விலையைவிட வேலையின் விலை பெரிது. அதே காலத்து டர்போ, ஜி.டி.3 மாடல்களில் வேறு இன்ஜின், அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது. அதனால் ஒரு வருடம் வித்தியாசத்தில் இரண்டு கார் வந்தால், புதியதுக்கு இரண்டு மூன்று லட்சம் கூடக் கொடுக்கலாம். தப்பே இல்லை.

அடுத்து ஆடி டிடி. 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை டிடியின் பாடியில் 69 சதவீதம் அலுமினியம், மீதி இரும்பு. முன்பக்கம் அலுமினியம், எடை சமன் ஆவதற்காகப் பின்பக்கம் இரும்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடியாக உதிரும். ஃபேக்டரியில் இதைத் தெரிந்துதான் இணைப்புகளில் பசையும் பூச்சும் கொடுத்து இரண்டையும் பிரித்து வைக்கிறார்கள். ஆகவே அடிபடாத டிடி நம் கடலோரத்துக்கு நல்ல கார். உள்ளலங்காரம் இன்னும் பழசாகவில்லை. ஏ.சி. வளையத்தைத் திருப்பும்போது விரலுக்கு ஒரு சுகம் இருக்கும் பாருங்கள், அதற்கே கால் மார்க் கூடப் போடலாம்.

அடிபட்டுச் சரிசெய்த டிடி என்றால் யோசிக்க வேண்டும். நம் ஊர் டிங்கரிங்காரர்கள் இரும்புத் தகட்டில் மன்னர்கள். நசுங்கிய மட்கார்டைத் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவருவார்கள், பட்டி அதிகம் தேவைப்படாது. அலுமினியத்துக்குத் தனிச் சுத்தியல், தனி இடம், தனி வெல்டிங் வேண்டும். இரும்புத் தூள் ஒட்டினால்கூடப் பின்னால் அரிக்கும். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், அலுமினிய ஃப்ரேமில் சாதாரண இரும்பு போல்ட் போட்டு முடுக்கி, மேலே அழகாகப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். வேறொரு கிளெய்முக்காக அந்த காரைப் பிரித்தபோது, போல்ட்டைச் சுற்றி விரல் அகலத்துக்கு அலுமினியமே இல்லை. வாங்கியவருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அடிக்கடி கூப்பிடுகிறார். பிரான்சில் இருக்கும் மாமா பணம் அனுப்புகிறார், பையனுக்கு இரண்டு கதவுள்ள கார்தான் வேண்டும். “அண்ணே, டிடி ஒண்ணு வந்திருக்கு, மேலே ஒரு கீறல் கூட இல்லண்ணே” என்றார். மேலே எதற்குப் பார்க்கிறாய், லிஃப்டில் ஏற்றிக் கீழே போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். வந்த போட்டோவில் அடிபாகம் நன்றாகவே இருந்தது. டயரின் பக்கவாட்டு எண் 2216. அதாவது 2016-ஆம் வருடம் 22-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் ஆழம் புதிது மாதிரி இருக்கிறது, ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. ஓடாத கார் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது இதுதான். ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டம் கெடுப்பதைவிட நிறுத்தி வைப்பது அதிகம் கெடுக்கிறது. சீல் காய்கிறது, பிரேக் காலிப்பர் பிஸ்டன் இறுகுகிறது, பெட்ரோலில் கலந்த எத்தனால் நம் ஊர் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, எலி வயரைக் கடிக்கிறது. எலிக்கு பிராண்ட் பேதம் கிடையாது.

பி.எம்.டபிள்யூ இசட்4 ஓட்ட இனிமையான கார், மறுக்கவில்லை. கூரைதான் பிரச்சினை. 2002-இல் வந்த முதல் தலைமுறையில் துணிக் கூரையை மடக்கும் ஹைட்ராலிக் மோட்டாரைத் தண்ணீர் வடியும் பள்ளத்திலேயே வைத்தார்கள். வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கும். 2009-இல் மடியும் அலுமினியக் கூரை வந்தது. 20 வினாடியில் அழகாக மடியும், ஆனால் எத்தனை சென்சார், எத்தனை குழாய்! 2018-இல் அவர்களே துணிக் கூரைக்குத் திரும்பிவிட்டார்கள். துணிக் கூரை என்றாலும் வடிகாலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். வேப்பஞ்சருகு போதும் அடைக்க. முதல் தலைமுறை பாக்ஸ்டரில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் பெட்டி நனைந்தால் கார் கிளம்பவே கிளம்பாது. இந்தியாவில் விற்காத மாஸ்டா எம்.எக்ஸ்-5-க்கும் இதே வியாதி. 1989-இல் வந்து 2016-இல் பத்து லட்சம் தயாரிப்பைத் தொட்ட கார். பழைய மாடல்களில் கூரை வடிகால் அடைத்துக் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி துருப்பிடிப்பதை அதைச் சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

ஃபோர்டு மஸ்டாங்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஆசை. 2016-இல் டெல்லி ஷோரூம் விலை 65 லட்சத்துக்கு வந்தது. 5 லிட்டர் வி8. அந்தப் பணத்துக்கு அத்தனை சிலிண்டர் வேறு யாரும் தரவில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் மட்டம்தான், தட்டினால் டிபன் டப்பா சத்தம். ஆனால் பொத்தான்கள் பிசுபிசுக்காது. 90-களின், 2000-களின் ஃபெராரிகளில் மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய பூச்சு, காலம் போகப்போக உருகிக் கையில் ஒட்டும். அந்த ஃபெராரியின் விலைக்கு எத்தனை மஸ்டாங் வாங்கலாம்! மஸ்டாங்கில் பார்க்க வேண்டிய இடம் பானெட்டின் முன் ஓரம். பானெட்டும் முன் மட்கார்டும் அலுமினியம். தகடு மடித்த விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் போடுவது அமெரிக்காவிலேயே பிரபலமான புகார், உப்புக் காற்றில் சொல்லவே வேண்டாம். விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்தது பலரைப் பயமுறுத்துகிறது. மஸ்டாங் எப்போதுமே இறக்குமதிதான். உலகம் முழுக்க அத்தனை விற்ற காருக்குப் பாகம் கிடைக்கும், காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

துருவே வேண்டாம் என்றால் ஃபைபர் பாடி. செவர்லே கார்வெட் 1953 முதல் அப்படித்தான். லோட்டஸ் எலீஸ் 1996-இல் ஒட்டிய அலுமினியச் சட்டத்தின் மேல் ஃபைபர் போர்த்தி வந்தது. நம் நாட்டில் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற குட்டி இரண்டு சீட்டரும் ஃபைபர்தான், உள்ளே ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின். வேகம் கேட்காதீர்கள். ஆனால் அதன் பாடி உடைந்தால் எனக்குக் கவலையில்லை. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களின் கைவேலை, பல கார் பட்டறைகளைவிடச் சுத்தமாக இருக்கும்.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் தாழ்ந்த கார்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் காற்று உறிஞ்சும் வாய் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். தண்ணீர் உள்ளே போன பிறகு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும், அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு இல்லாமல் பணம் வராது. தண்ணீர் ஏறிய காரைத் தொடாதீர்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு போன் செய்யுங்கள்.

விலை மலிவாகத் தெரியும் பழைய கார்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து, 15 வருடம் தாண்டி 20 வருடத்துக்குள் இருக்கும் இறக்குமதி காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 40,000 ரூபாய். உள்நாட்டு காருக்கு 5,000-தான். 2009, 2010 மாடல்களைப் பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்துப் பேசுங்கள். விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.

என் காசாக இருந்தால் 2009-க்குப் பிந்தைய கேமன். கூரை மடியாது என்பது குறையாகத் தெரியலாம், இந்த வெயிலில் கூரையைத் திறந்து யார் ஓட்டப்போகிறார்கள்? அடுத்தது அடிபடாத டிடி. சத்தம் பிடிக்கும் என்றால் மஸ்டாங். இசட்4 என்றால் துணிக் கூரை போட்ட புதிய தலைமுறை மட்டும். லாஸ்பேட்டைத் தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. விற்பவர் நான்கு டயரும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எந்த கம்பெனி, எந்த வாரத்து டயர் என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.