ஐப்பசிச் சேற்றையும் சித்திரை வெடிப்பையும் தாங்கும் பூச்செடி எது?

நர்சரியில் எல்லாச் செடியும் அழகுதான். செம்மண் நிரப்பிய கறுப்புப் பையில், நிழல்வலையின் கீழ், நாள் தவறாமல் தண்ணீர் குடித்து வளர்ந்தது வேறு எப்படி இருக்கும்? அதையே மன்னார்குடிப் பக்கத்து வீட்டு வாசலில் நட்டு, ஓர் ஐப்பசியையும் ஒரு சித்திரையையும் கடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் களிமண் அடைமழையில் வேருக்குக் காற்றே விடாமல் இறுகிக்கொள்ளும். பங்குனி பிறந்ததும் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, அதே வேரை அறுக்கும். இரண்டையும் தாங்குகிற செடிதான் இங்கே பல்லாண்டுச் செடி. மற்றவை ஒரு பருவத்து விருந்தாளிகள்.

செடிகளைப் பற்றிச் சொல்லும் முன் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் தோல்வி அங்கேதான். இரண்டடிக்குக் குழி வெட்டி, வண்டியில் வந்த செம்மண்ணைக் கொட்டி, இரண்டு இட்லிப்பூச் செடிகளை நட்டேன். சுற்றிலும் களிமண், நடுவில் செம்மண். அடியில் ஓட்டையில்லாத தொட்டியை நானே மண்ணுக்குள் கட்டியிருக்கிறேன் என்பது கார்த்திகையில்தான் புரிந்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் தோல் விரலோடு கழன்று வந்தது, சாக்கடை நாற்றத்துடன். இப்போது குழியே வெட்டுவதில்லை. அந்த இடத்து மண்ணுடனேயே மக்கிய எருவைக் கலந்து, முக்கால் அடி மேடு கட்டி, அதன் மேல் நடுகிறேன்.

இனி போட்டிக்கு வருவோம். இந்தப் பக்கத்து வாசல்களில் எப்போதும் மோதிக்கொள்பவை செம்பருத்தியும் இட்லிப்பூவும்தான்.

செம்பருத்தி என்றால் எல்லாம் ஒன்றல்ல. தட்டு அளவுக்குப் பூக்கும் ஒட்டு ரகங்கள் படத்துக்கு அழகு. எங்கள் மண்ணில் இரண்டாவது மழைக்காலத்தைக் கண்டவை குறைவு. ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்பு நாட்டுச் செம்பருத்தியோ, கிணற்றடியில் யார் நட்டது என்றே தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள், ஆனால் அடுத்த நாளுக்கான மொட்டு தயாராக இருக்கும். அதன் பகை மாவுப்பூச்சி. நுனிக்கொழுந்து சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்து, தண்டில் எறும்பு வரிசை ஏறினால் பிடித்துவிட்டது என்று பொருள். 2008-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. வீட்டளவில், சுருண்ட நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சியடித்து, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். எறும்பை ஒழிக்காமல் பூச்சியை ஒழிக்க முடியாது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இட்லிப்பூவுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு கொத்து மலர்ந்தால் வாரக்கணக்கில் நிற்கும், கவாத்து செய்தால் சுவர்போல் அடர்ந்து வரும். வெட்சி என்ற பெயரில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய மண்ணின் மலரும் இதுதான். ஆனால் அதற்கு வேண்டியது புளிப்புத்தன்மையுள்ள மண். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. புதிதாகப் பூசிய மதிற்சுவரின் ஓரம் என்றால் சிமெண்டுச் சுண்ணாம்பும் சேர்ந்து இறங்கும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். யூரியாவை அள்ளிப் போட்டால் பயனில்லை. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் தேறும். அதன் பிறகும் மஞ்சள் திரும்பி வந்தால் சுவரை விட்டுத் தள்ளி நடுவதே வழி. இந்த இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் நாட்டுச் செம்பருத்தி என்பேன். மஞ்சள் இலையோடு மல்லுக்கட்டுவதைவிட எறும்போடு சண்டை போடுவது எளிது.

அரளியும் காகிதப்பூவும் வேறு கட்சி. இரண்டும் வெயிலின் பிள்ளைகள். நெடுஞ்சாலை நடுவே யாரும் கவனிக்காமல் அரளி பூப்பதைப் பார்த்தாலே அதன் உறுதி தெரியும். வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றுக்கும் அது அசையாது, சில நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். காகிதப்பூவுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையாகத் தழைக்கும், பூக்காது, தேங்கினால் அழுகும். தரையில் வைக்காமல் மாடியில் தொட்டியில் வைத்துப் பட்டினி போட்டால், பங்குனியில் இலை தெரியாமல் நிறம் காட்டும். நாம் பூ என்று நினைக்கும் அந்த நிறம் உண்மையில் பூவடிச் செதில். நிஜப் பூ நடுவில் சிறிய வெள்ளைக் குழலாக இருக்கும்.

அப்படியானால் தரைக்கு அரளிதானே? நானும் அப்படித்தான் நினைத்துக் கொல்லை வேலியோரம் குச்சி ஊன்றினேன். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, மாடு கட்டும் இடத்தில் இதை வைக்காதே” என்றார். வேர் முதல் பூ வரை முழுவதும் நஞ்சு; கவாத்து செய்து போட்ட கிளை காய்ந்த பிறகும் நஞ்சு போகாது, எரித்தால் புகையும் ஆகாது. தவழும் குழந்தையோ கறவை மாடோ உள்ள வீட்டுக்கு அரளி வேண்டாம். மறுநாளே பிடுங்கினேன்.

கல்வாழையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சமையலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் அதற்கு ஈடு கிடையாது, வேறு எங்கும் அது முதல் தேர்வும் இல்லை. பூத்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டினால் பக்கக் கன்று வரும், அவ்வளவுதான்.

வெல்வது, நர்சரியில் யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத நந்தியாவட்டை. பாதி நிழலிலும் பூக்கும், மழைக்காலத்தில் குச்சி ஊன்றினாலே வேர் பிடிக்கும். ஒற்றையடுக்கு காற்றாடிபோல் சுழித்த ஐந்து இதழ். அடுக்கு ரகம் சிறு ரோஜா மாதிரி. என் வாசலில் மேட்டில் நட்ட மூன்றும் நான்கு மழைக்காலங்களைக் கடந்துவிட்டன. வருவது ஒரே எதிரி: விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண்கள் இரண்டு. கண்ணல்ல, பறவையை மிரட்டும் வேடம். அரளியைத் தின்னும் அதே அந்துப்பூச்சியின் புழு. ஒரே இரவில் கிளையை மொட்டையடிக்கும். காலையில் தரையில் மிளகளவு கறுப்பு எச்சம் கிடந்தால் நேர் மேலே தேடினால் போதும், கையால் எடுத்துவிடலாம். மொட்டையான கிளை சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும்.

நிறம் வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள், வெறும் வெள்ளைதானே என்று. அதற்காகத்தான் கிணற்றடிச் செம்பருத்தியை நான் இன்னும் வெட்டவில்லை. எது நட்டாலும் ஆடி, ஆவணிக்குள் நட்டுவிடுங்கள். மழை இறங்கும் முன் வேர் மேட்டைப் பிடித்துக்கொள்ள ஓரிரு மாதமாவது அதற்கு வேண்டும்.